தில்லிக்கு ஐந்து நாள் குடும்பப் பயணம்: எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து தில்லிக்குக் குடும்பத்துடன் சென்றுவர எண்ணியிருக்கிறோம். என் பெற்றோர், மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், நான் என ஐந்து பேர். ரயிலில் கழியும் நாட்களை நீக்கிப் பார்த்தால் தில்லியில் ஐந்து முழு நாட்கள் கிடைக்கும். பொங்கல் விடுமுறையை ஒட்டி ஜனவரி மூன்றாம் வாரத்தில் போகலாம் என்பது இப்போதைய யோசனை. பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை.

அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பறையில் படம் காட்டிப் பாடம் நடத்திய குதுப்மினாரையும் செங்கோட்டையையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவர் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் மெதுவாக நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம். மகளும் நானும் அசைவம் சாப்பிடுவோம். பழைய தில்லியின் உணவை அது பிறந்த தெருவிலேயே சாப்பிட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

இங்குள்ள ஒரு சுற்றுலா நிறுவனத்தில் விசாரித்தபோது, குதுப்மினார், தாமரைக் கோயில், ராஜ்காட், செங்கோட்டை, இந்தியா கேட், அக்ஷர்தாம் ஆகிய ஆறையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாகத் திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா ஒவ்வொரு கல்லையும் நின்று பார்ப்பவர் என்பதால் அது எங்களுக்கு ஒத்துவராது என்று தோன்றுகிறது. நாட்களை எப்படிப் பிரிப்பது, எந்தப் பகுதியில் தங்குவது, ஆக்ராவைச் சேர்த்துக்கொள்ளலாமா, அப்பாவும் நாங்களும் ஒரே தெருவில் அவரவர் உணவைச் சாப்பிட வழியுண்டா என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

தலைநகர்த் தமிழன்:

வணக்கம் நண்பரே. பணி நிமித்தம் தில்லிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு நகரத்தைச் சுற்றிக்காட்டும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தேதியை மாற்றுங்கள். ஜனவரி மூன்றாம் வாரம் தில்லிக்கு உகந்த காலம் அன்று. குடியரசு நாள் அணிவகுப்புக்கான ஒத்திகைகளால் இந்தியா கேட்டைச் சுற்றியுள்ள சாலைகள் மூடப்படும். குடியரசு நாளை ஒட்டிச் சில நாட்களுக்குச் செங்கோட்டைக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள். போதாக்குறைக்கு வடஇந்தியா முழுவதும் மூடுபனி சூழ்ந்திருக்கும். அந்நாட்களில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கமே தவிர விதிவிலக்கு அன்று. பிப்ரவரி நடுவில் வந்தால் காலையில் ஒரு ஸ்வெட்டர் போதும், பகலில் இதமான வெயில் இருக்கும், பூங்காக்கள் பூத்துக் கிடக்கும். அக்டோபர் கடைசியும் நவம்பரும் காற்று மாசு உச்சத்தைத் தொடும் காலம் என்பதால் பெரியவர்களை அழைத்துவர நான் எப்போதும் தடுப்பேன்.

அடுத்தது, தில்லியை ஒரே நகரமாக எண்ணித் திட்டமிடாதீர்கள். லால்கோட், சிரி, துக்ளகாபாத், ஜஹான்பனா, ஃபிரோசாபாத், புராணா கிலா, ஷாஜகானாபாத் என்று வெவ்வேறு அரசர்கள் வெவ்வேறு இடங்களில் கட்டிய ஊர்களும், 1931-இல் திறந்துவைக்கப்பட்ட ஆங்கிலேயரின் புதுதில்லியும் சேர்ந்ததுதான் இன்றைய தில்லி. மிகப் பழையது தெற்கே மெஹ்ரோலியில் இருக்கிறது. முகலாயரின் கடைசித் தலைநகரம் வடக்கே யமுனையை ஒட்டி இருக்கிறது. குதுப்மினாருக்கும் செங்கோட்டைக்கும் இடையே பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் உண்டு. இவ்விரண்டையும் ஒரே நாளில் வைக்கும் எந்தத் திட்டமும் உங்களைச் சாலை நெரிசலில்தான் உட்கார வைக்கும். ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் அம்மாவுக்கும் அலைச்சல் குறையும், அப்பாவும் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

பகுதிகளைப் பிரித்தபின் கிழமையைப் பாருங்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் ஆகிய நான்கும் திங்கட்கிழமை மூடியிருக்கும். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சாந்தினி சௌக்கில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்துக் கிடக்கும். நிஜாமுதீன் தர்காவில் பாடும் சூஃபி பக்தி இசையான கவ்வாலியைக் கேட்கச் சிறந்த நேரம் வியாழக்கிழமை மாலை. ஜும்மா மசூதியில் தொழுகை நேரங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதியில்லை. வெள்ளி நண்பகலில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. ஆகவே திங்கட்கிழமை வந்து சேர்ந்து, செவ்வாய் முதல் சனி வரை பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கிழமைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் திட்டத்தில் பாதி தானாகவே அமைந்துவிடும்.

போக்குவரத்துக்கு மெட்ரோவையே நம்புங்கள். முதல் பெட்டி பெண்களுக்கானது, எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. ஊதாத் தடத்தில் தில்லி கேட், ஜாமா மஸ்ஜித், லால் கிலா என மூன்று நிலையங்கள் 2017-இல் திறக்கப்பட்டபின் பழைய நகரத்துக்குள் போவது மிகவும் எளிதாகிவிட்டது. தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களுக்கு இணையத்தில் முன்பதிவு செய்தால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமும் இல்லை.

கல்தூண்:

தலைநகர்த் தமிழன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வரலாற்று ஆசிரியர் ஒருவர் வருகிறார் என்பதால் அவருக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

குதுப் வளாகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் 72.5 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 1981-இல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு மேலே ஏற அனுமதியில்லை. ஆனால் அந்த வளாகத்தின் உண்மையான பாடம் தரையில் இருக்கிறது. குவ்வத்துல் இஸ்லாம் மசூதியின் முற்றத்தைச் சுற்றியுள்ள தூண்களில் மணியும் சங்கிலியும் செதுக்கியிருப்பதை அப்பா உடனே கண்டுகொள்வார். 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அதன் கிழக்கு வாயில் கல்வெட்டே கூறுகிறது. அதே முற்றத்தின் மேற்கில் நிற்கும் உயரமான வளைவுச் சுவரை அருகில் சென்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளூர்க் கல்தச்சர்கள், தமக்குப் பழகிய முறையில், கற்களைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று சற்றே முன்தள்ளி அடுக்கி, விளிம்பை வளைவாகச் செதுக்கியிருப்பார்கள். பின்னர் சற்றுத் தள்ளித் தெற்கே, 1311-இல் அலாவுதீன் கில்ஜி கட்டிய அலாய் தர்வாசா என்ற வாயிலுக்கு வந்தால், ஆப்பு வடிவக் கற்களை விசிறிபோல் நிறுத்தி ஒன்றையொன்று தாங்கவைக்கும் முழுமையான வளைவு தெரியும். ஏறத்தாழ நூற்றுப்பத்து ஆண்டுகளில் ஒரு கட்டடக்கலை எப்படிக் கற்றுக்கொள்ளப்பட்டது என்பதை இரண்டு சுவர்களைப் பார்த்தே மகளுக்கு அவரால் விளக்கிவிட முடியும்.

இரும்புத் தூணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை. அதில் 'சந்திர' என்று பொறிக்கப்பட்டிருக்கும் அரசர் இரண்டாம் சந்திரகுப்தர் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பதினாறு நூற்றாண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்றும் அது துருப்பிடித்து உதிராததற்குக் காரணம், அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதும் அதனால் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய காப்புப் படலமும்தான் என்பதைக் கான்பூர் ஐஐடியில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் ஆய்ந்து நிறுவினார். தூணைச் சுற்றி வேலி இருப்பதால் தொட முடியாது. ஆனால் காலை வெயில் சாய்ந்து விழும்போது எழுத்துகளை நன்றாகப் பார்க்கலாம்.

இன்னொன்று, தில்லி கேட் மெட்ரோ நிலையத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ள ஃபிரோஸ் ஷா கோட்லாவைத் தவறவிடாதீர்கள். டோப்ராவில் நின்றிருந்த அசோகர் தூணை ஃபிரோஸ் ஷா துக்ளக் யமுனை வழியே படகுகளில் கொண்டுவந்து தன் கோட்டையில் நிறுத்தினார். ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் பிராமி எழுத்தைப் படித்தறிந்தபோது அவருக்கு முன்னிருந்த முக்கியச் சான்றுகளில் இந்தத் தூணின் எழுத்தும் ஒன்று. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துகளைப் பார்த்த கண்களுக்கு இந்தத் தூண் அந்நியமாக இராது. கூட்டமே இல்லாத இடம். வியாழக்கிழமைகளில் மட்டும் அங்கு வாழ்வதாக நம்பப்படும் ஜின்கள் என்ற ஆவிகளுக்கு மனு எழுதி வைக்க மக்கள் வருவார்கள்.

அடுக்களை:

உணவைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பழைய தில்லியில் எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்பதே முக்கியம். அங்குள்ள உணவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுது உண்டு. அந்தப் பொழுது தப்பினால் அது தீர்ந்துபோயிருக்கும், அல்லது கிடைத்தாலும் அந்தச் சுவை இராது.

காலை எட்டரை மணிக்குச் சாவ்ரி பஜார் மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். அந்த நேரத்தில் பேட்மி பூரி சுடச்சுட எண்ணெயிலிருந்து எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். உளுந்தை அரைத்து மசாலாவுடன் மாவில் சேர்த்துச் சுடுவதால் நம் பூரியைவிடச் சற்று முரடாகவும் மொறுமொறுப்பாகவும் இருக்கும். காரமான உருளைக்கிழங்குக் குழம்பும் வெந்தயச் சட்னியும் ஊற்றித் தருவார்கள். அதற்குப் பிறகு நாகோரி அல்வா கேளுங்கள்: உள்ளங்கையில் அடங்கும் மொறுமொறு பூரியை உடைத்து அதற்குள் ரவை அல்வாவை வைத்துச் சாப்பிட வேண்டும். இவை முழுக்கச் சைவம், உங்கள் அப்பாவுக்குத் தயக்கமே வேண்டாம்.

அசைவத்தில் காலை உணவு நிஹாரி. இரவு முழுவதும் சிறுதீயில் வெந்த இறைச்சியைக் கமீரி ரொட்டியுடன் சாப்பிடுவார்கள். ஜும்மா மசூதியைச் சுற்றியுள்ள நல்ல கடைகள் பலவற்றில் காலை பத்து மணிக்கெல்லாம் அண்டா காலியாகிவிடும். பெரும்பாலும் அது எருமை இறைச்சி என்பதால், வேண்டாம் என்றால் ஆட்டிறைச்சி எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

பிப்ரவரியில் வந்தால் உங்களுக்கு வாய்க்கப்போகும் பெரும்பேறு தௌலத் கி சாட். பெயரில் சாட் இருந்தாலும் அது காரப் பண்டம் இல்லை. பாலையும் பாலாடையையும் குளிர்கால இரவில் பனியில் வைத்து, விடியுமுன் கடைந்து, மேலே எழும் நுரையை மட்டும் கரண்டியால் வழித்து வழித்துப் பெரிய தாம்பாளத்தில் சேர்ப்பார்கள். கொஞ்சம் குங்குமப்பூ மணம், மேலே தூவிய நாட்டுச் சர்க்கரை, உதிர்த்த கோவா, பிஸ்தா, அவ்வளவுதான். வாயில் வைத்தவுடன் கரைந்து, சர்க்கரை மட்டும் நறநறவென்று நாக்கில் நிற்கும். கினாரி பஜார் பக்கம் சிவப்புத் துணி சுற்றிய கூடைமேல் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்ப்பீர்கள். வெயில் ஏறினால் நுரை அமுங்கிவிடும் என்பதால் நண்பகலுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். கோடையில் வருகிறவர்களுக்கு இது கிடைக்காது.

பகல் உணவுக்குப் பராத்தேவாலி கலி. இங்கே பராத்தாவைக் கல்லில் சுடாமல் வாணலியில் பொரித்தெடுப்பார்கள். பட்டாணி, முள்ளங்கி, காலிஃபிளவர், ரப்டி என்று உள்ளே வைப்பது பலவகை. தொட்டுக்கொள்ளப் பூசணிக் கறியும் உருளைக்கிழங்கும் புளிச் சட்னியும் வரும். வெங்காயம், பூண்டு சேர்க்காமல் சமைப்பது அந்தத் தெருவின் பழைய வழக்கம். எண்ணெய் அதிகம் என்பதால் ஆளுக்கொன்று வாங்காமல் இரண்டு வகை வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். தரீபா கலான் முனையில் 1884-இலிருந்து இருக்கும் ஜிலேபிக் கடையில் விரல் பருமனுள்ள ஜிலேபி நெய்யில் வேகும்.

மாலையில் ஜும்மா மசூதியின் முதலாம் எண் வாயிலுக்கு எதிரே உள்ள மட்டியா மஹல் தெரு உங்களுக்கும் மகளுக்கும் உரியது. 1913-இல் தொடங்கிய கரீம் உணவகம் அங்கே ஒரு சந்துக்குள் இருக்கிறது. கோர்மாவும் சீக் கபாபும் சாப்பிட்டுவிட்டு, ரொட்டியில் செய்யும் இனிப்பான ஷாஹி துக்டா விற்கும் தட்டின் முன் நில்லுங்கள். இப்போதைய ஆண்டுகளில் ரமலான் மாதம் பிப்ரவரி, மார்ச் ஒட்டி வருகிறது. நோன்புக் காலமாக இருந்தால் பகலில் பல கடைகள் மூடியிருக்கும், இரவில் தெருவே விழாக்கோலம் பூணும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

சோலே பட்டூராவையும் பட்டர் சிக்கனையும் தில்லியின் பழைய உணவு என்று பலரும் நினைக்கிறார்கள். அவை 1947 பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்தும் பெஷாவரிலிருந்தும் வீடிழந்து வந்தவர்கள் கொண்டுவந்த சமையல். அவர்கள் குடியேறிய தரியாகஞ்ச், கரோல் பாக், பஹாட்கஞ்ச் பகுதிகளில்தான் அதன் வேர் இருக்கிறது. பஹாட்கஞ்சில் உள்ள சீதாராம் திவான்சந்த் கடையின் பட்டூராவில் பனீர் வைத்திருப்பார்கள். அதுவும் சைவம்தான், காலைப் பசிக்கு ஏற்றது.

வைகைக்கரை:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பா இந்தப் பக்கத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அலாய் தர்வாசா பற்றிய பத்தியைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிப்ரவரிக்கு மாற்றிவிட்டோம். மகளுக்குப் பள்ளியில் விடுப்பு கேட்டிருக்கிறேன். அம்மாவைப் பற்றித்தான் இன்னும் கவலை. அவரால் எங்கெல்லாம் வர முடியும், எங்கே உட்கார வைக்க வேண்டியிருக்கும்? ஆக்ரா பற்றியும், தங்குமிடம் பற்றியும் சொல்ல முடியுமா?

தாழம்பூ:

வணக்கம். வயதான என் மாமியாரைத் தில்லியில் அழைத்துச் சுற்றிய அனுபவத்தில் எழுதுகிறேன்.

குதுப் வளாகம் பெரும்பாலும் சமதரை, அம்மா வசதியாக நடக்கலாம். மெட்ரோ நிலையத்திலிருந்து சற்றுத் தொலைவு இருப்பதால் ஆட்டோ பிடியுங்கள். செங்கோட்டையில் படிகள் குறைவு, ஆனால் நடை அதிகம். லாகூர் வாயிலிலிருந்து அரசரின் தனி அவை மண்டபமான திவானி காஸ் வரை போய்த் திரும்பினாலே கால் ஓய்ந்துவிடும் என்பதால் நுழைவிடத்திலேயே சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹுமாயூன் கல்லறையின் தோட்டம் அவருக்கு மிகவும் பிடிக்கும். கல்லறை நிற்கும் மேடைக்கு ஏறும் படிகள் மட்டும் செங்குத்தானவை. கீழே இருந்து பார்த்தாலே அதன் முழு அழகும் தெரியும், ஆகவே அவர் எதையும் இழந்ததாக வருந்த வேண்டாம். ஜும்மா மசூதிக்கு எந்த வாயிலில் போனாலும் படி உண்டு, அதைத் தவிர்த்துவிடலாம். சாந்தினி சௌக்கில் செங்கோட்டை முதல் ஃபத்தேபுரி மசூதி வரையிலான சாலையில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை இருப்பதால் சைக்கிள் ரிக்‌ஷாவில் அமர்ந்தபடியே தெரு முழுவதையும் பார்க்கலாம். ஜைனர்களின் லால் மந்திர், கௌரி சங்கர் கோயில், 1675-இல் குரு தேக் பகதூர் உயிர்துறந்த இடத்தில் எழுந்த சீஸ்கஞ்ச் குருத்வாரா, ஃபத்தேபுரி மசூதி ஆகிய நான்கும் அந்த ஒரே சாலையில் இருக்கின்றன. ஏறுவதற்கு முன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்காக இரண்டு இடங்களை நான் அவசியம் சொல்வேன். ஒன்று ராமகிருஷ்ணபுரத்திலுள்ள மலை மந்திர். சுவாமிநாத சுவாமி குன்றின்மேல் இருந்தாலும், கீழேயே கற்பக விநாயகருக்கும் சுந்தரேசுவரருக்கும் மீனாட்சிக்கும் சன்னதிகள் உண்டு. மதுரையிலிருந்து வருகிறவர் தில்லியில் மீனாட்சியைப் படி ஏறாமல் தரிசிக்கலாம். மற்றொன்று பங்களா சாகிப் குருத்வாரா. தலையில் துணி போர்த்திக்கொண்டு, குளக்கரையில் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு, லங்கர் என்ற பொது உணவுக்கூடத்தில் அனைவருடனும் சாப்பிடுங்கள். பருப்பும் ரொட்டியும் காய்கறியும் முழுச் சைவம், கட்டணம் கிடையாது. தரையில் உட்கார முடியாதவர்கள் அங்குள்ள தொண்டர்களிடம் சொன்னால் உதவுவார்கள்.

தங்குவதற்குக் கரோல் பாக் உங்களுக்குப் பொருந்தும். தமிழர்கள் நெடுங்காலமாக வாழும் பகுதி என்பதால் இட்லி, தோசை, தயிர்ச்சாதம் கிடைக்காத குறை இருக்காது; நீலத்தட மெட்ரோ அருகிலேயே உண்டு. புதுதில்லி ரயில் நிலையத்துக்கு வெளியே, உங்கள் அறை முன்பதிவு ரத்தாகிவிட்டது என்று சொல்லி வேறு விடுதிக்கு அழைத்துப்போகப் பார்ப்பவர்களை மட்டும் பொருட்படுத்தாதீர்கள். மதுரையிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தியும் திருக்குறள் எக்ஸ்பிரஸும் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்துக்குத்தான் வரும்.

ஆக்ராவைப் பொறுத்தவரை என் கருத்து வேண்டாம் என்பதே. ஐந்து நாட்களில் ஒன்றை ரயிலுக்கும் கூட்டத்துக்கும் கொடுப்பதைவிட லோதி தோட்டத்தில் ஒரு மாலை உட்கார்ந்திருப்பது அம்மாவுக்கு நிறைவாக இருக்கும்.

தலைநகர்த் தமிழன்:

தாழம்பூ அவர்களின் மற்ற எல்லாக் கருத்துகளையும் ஏற்கிறேன். ஆக்ராவில் மட்டும் மாறுபடுகிறேன். இத்தனை தொலைவு வந்த வரலாற்று ஆசிரியர் தாஜ்மகாலைப் பார்க்காமல் ஊர் திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலை எட்டு மணியளவில் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 100 நிமிடங்களில் ஆக்ராவை அடைகிறது, மாலையில் அதிலேயே திரும்பலாம். வெள்ளிக்கிழமை அது ஓடாது. அம்மாவும் உங்கள் மனைவியும் விரும்பினால் அன்று தில்லியிலேயே மலை மந்திருக்கும் லோதி தோட்டத்துக்கும் போகட்டும். அப்பா, மகள், நீங்கள் மூவரும் ஆக்ரா போய்வாருங்கள்.

ஆகவே நான் வகுப்பது இதுதான். செவ்வாய் மெஹ்ரோலி. காலையில் குதுப் வளாகம். பிற்பகலில் அதை ஒட்டிய தொல்லியல் பூங்காவில் பால்பன் கல்லறையும் ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறும். புதன் ஆக்ரா.

வியாழன் காலையில் புராணா கிலா. அங்குள்ள ஷேர் மண்டல் என்ற எண்கோணக் கட்டடத்தின் படிகளில்தான் 1556-இல் ஹுமாயூன் தவறி விழுந்து இறந்தார். அதைப் பார்த்துவிட்டு அவருடைய கல்லறைக்குப் போங்கள். 1857-இல் கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாஃபர் ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் அதே கல்லறை வளாகத்தில்தான். தாஜ்மகாலுக்கு முன்னோடியான இந்தக் கல்லறையை முதலில் பார்த்துவிட்டு ஆக்ரா போவதே முறை. ஆனால் வியாழன் மாலை கவ்வாலியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. கல்லறையிலிருந்து நடந்தே நிஜாமுதீன் தர்காவுக்குப் போய்விடலாம். சந்துகள் குறுகலானவை, பெண்களும் ஆண்களும் தலையை மூடிக்கொள்ள வேண்டும், பணப்பையைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். நிஜாமுதீன் அவுலியாவும் அவருடைய சீடர் அமீர் குஸ்ருவும் 1325-இல், ஒரே ஆண்டில், மறைந்தவர்கள். இருவர் சமாதிகளும் அருகருகே இருக்கின்றன. முற்றத்தில் ஆர்மோனியத்தோடு குஸ்ருவின் பாடல்களை அவர் சமாதியின் முன்னாலேயே பாடுவார்கள்.

வெள்ளி, ஓய்வான நாள். தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோவின் நடனமாது சிலை உள்ளங்கை அளவே என்று மகள் வியப்பாள், உயரம் 10.5 சென்டிமீட்டர்தான். சோழர் செப்புத் திருமேனிகளும் அங்கே உண்டு. அருங்காட்சியகத்தை நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களுக்கு மாற்றும் திட்டம் இருப்பதால் செல்லும் முன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். பகல் உணவு பங்களா சாகிப்பில். குடியரசுத் தலைவர் மாளிகையின் தோட்டமான அம்ருத் உத்யான் பிப்ரவரியில் திறந்திருக்கும். முன்பதிவு செய்துகொண்டால் மாலை அங்கே போகலாம்.

சனி, ஷாஜகானாபாத். அடுக்களை சொன்ன வரிசையில் காலை உணவு, பிறகு செங்கோட்டை. 1639-இல் தொடங்கி 1648-இல் முடித்த அரண்மனையில் பெரும்பகுதியை 1857-க்குப் பின் ஆங்கிலேயர் இடித்துவிட்டுப் படைவீடுகள் கட்டினார்கள். அவற்றுள் ஒன்றில் இப்போது நேதாஜிக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்குமான அருங்காட்சியகம் இருக்கிறது. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டத் தொழிலாளர்களாக இருந்த தமிழர்கள் பல்லாயிரவர் சேர்ந்த படை அது. அதன் அதிகாரிகளை 1945-இல் விசாரித்ததும் இதே கோட்டைக்குள்தான். தம் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் அங்கே அதிக நேரம் நிற்பார், அவசரப்படுத்தாதீர்கள். கோட்லாவைச் செங்கோட்டைக்குப் பின் மாலையில் வைத்துக்கொள்ளலாம்; மெட்ரோவில் இரண்டே நிலையங்கள்.

வைகைக்கரை:

இந்தத் திட்டப்படியே போகிறோம். அம்மாவும் மனைவியும் புதன்கிழமை தில்லியில் தங்குவதாகச் சொல்லிவிட்டார்கள். திரும்பும் ரயில் ஞாயிறு. இரண்டு நாள் பயணத்துக்கும், ஊரில் உறவினர்களுக்குக் கொடுக்கவும், சனிக்கிழமை சாந்தினி சௌக்கில் கெடாத பண்டமாக எதை வாங்கலாம்?

அடுக்களை:

கஜக்கும் ரேவ்டியும் வாங்குங்கள். எள்ளும் வெல்லமும் சேர்ந்த குளிர்காலப் பண்டங்கள், வாரக்கணக்கில் கெடாது. சிவப்புக் கேரட் அல்வாவை மட்டும் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், ரயிலில் தாங்காது. மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் ஊறுகாய், உலர்பழம், மசாலா எல்லாம் நியாயமான விலையில் கிடைக்கும். ஆனால் மிளகாய் மூட்டைகளின் நெடி கடுமை என்பதால் அம்மாவைச் சாலையிலேயே ரிக்‌ஷாவில் இருத்திவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போங்கள். புதன்கிழமை ஆக்ராவிலிருந்து பூசணியில் செய்யும் பேட்டா என்ற இனிப்பை வாங்குவதானால் பாகில் ஊறியதைத் தவிர்த்து, உலர்ந்த வகையாகக் கேளுங்கள். கஜக் தகடு எளிதில் நொறுங்கும். பையில் கட்டித் தர விடாமல், அட்டைப்பெட்டியில் அடுக்கித் தரச் சொல்லி மேல் பலகையில் வைத்துக் கொண்டுபோங்கள்.